முதலாளியின் காதுக்கு ஒரு சர்டிபிகேட்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மாமனார் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, தலையில் பெரிய கறுப்பு ஹெட்போன். கையில் ஒரு பட்டன். மதுரையில் ஒரு காது ஆஸ்பத்திரியின் மாடி அது. வெளிச்சத்தம் நுழையாதபடி சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்த குட்டி அறை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காது சோதிக்கும் டாக்டரம்மா. சின்ன வயசுதான். பக்கத்து ஸ்டூலில் நான். "ஐயா, காதுல சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க. எவ்வளவு மெல்லிசாக் கேட்டாலும் அமுக்கணும்" என்று டாக்டரம்மா கதவைச் சாத்துமுன் உரக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

டாக்டரம்மா மிசினில் ஒரு குமிழைத் திருகினார். மாமா பட்டனை அமுக்கினார். இன்னொரு குமிழ். அமுக்கினார். மேசையில் பச்சை விளக்கு பளிச் பளிச்சென்று எரிந்தது. மாமா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "எப்படி மாப்ள?" என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

அந்த விளக்கு எரியக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் காது நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டால், எங்கள் கம்பெனியை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அது எப்படி என்று சொல்லிவிட்டு இந்த அறைக்குத் திரும்புகிறேன். அதுவரை மாமா அங்கேயே அமுக்கிக்கொண்டிருக்கட்டும்.

கூடம் கேட்ட ரகசியம்

நான் காரியாபட்டிக்காரன். விலங்கியல் படித்தவன். ஒரு டுடோரியலில் கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்தையும் கரும்பலகையில் வரைந்து, அங்கிருந்து மூளைக்கு அம்புக்குறி போட்டுக் காட்டுவது என் பிழைப்பு. அம்புக்குறி போட்டால் போதும், சேதி போய்ச் சேர்ந்துவிடும் என்று மாணவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

பெண் பார்க்க விருதுநகர் போனோம். மிளகாய் வத்தல் கமிஷன் கடைகளுக்குப் பின்னால் வீடு. சம்பிரதாயப் பேச்செல்லாம் முடிந்ததும் மாமா தன் அண்ணன் பக்கம் சாய்ந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, மிக ரகசியமாகச் சொன்னார்:

"பையன் கறுப்புத்தான். பரவால்ல. வாத்தியாரு, சொன்ன பேச்சக் கேப்பான்."

கூடம் முழுக்கக் கேட்டது. வாசலில் செருப்புக்குக் காவல் நின்றவருக்கும் கேட்டது. காப்பித் தட்டோடு வந்த பெண்ணுக்கும் கேட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் சரி என்றேன். அவருடைய ரகசியத்தின் பின்பாதி முழு உண்மை என்பது பிறகு தெரிந்தது. கல்யாணமான சில மாதங்களில் டுடோரியலை விட்டுவிட்டு மாமாவின் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருந்தேன்.

தன் குரல் எவ்வளவு பெரிசு என்று ஒரு மனிதருக்கே தெரியவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அன்றைக்கே அது எனக்குப் பொறிதட்டியிருக்க வேண்டும். ஆனால் அன்று என் கவனம் காப்பித் தட்டில் இருந்தது.

வத்தல் நெடி

புது மாப்பிள்ளையாக அந்த வீட்டில் இருந்த முதல் மாதம் முழுவதும் தும்மிக்கொண்டிருந்தேன். தெருவில் வத்தல் மூட்டையை இறக்கினால் தும்மல், ஏற்றினால் தும்மல். மூக்கைப் பிடித்துக்கொண்டு விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளை அந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான். என் அத்தை, அதாவது மாமியார், அசராமல் சொன்னார்: "எங்கன நெடி அடிக்கு? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே."

அவர் பொய் சொல்லவில்லை. உடம்பின் வேலை அப்படி. ஒரே சேதியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மூக்கு சலித்துப்போய்த் தகவல் அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். மூளையும் கேட்டுக் கேட்டு அலுத்து, அதை ஓரமாகத் தள்ளிவிடும். மோதிரம் விரலில் இருப்பதும், மூக்குக்கண்ணாடி மூக்கில் இருப்பதும் நமக்கு மறந்துபோவது இதனால்தான். அடுத்த மாதம் எனக்கும் நெடி நின்றுபோனது. எங்கள் ஊர்ப்பக்கம் இருந்து வரும் உறவினர்கள் தும்மும்போது, "எங்கே நெடி அடிக்கிறது?" என்று நானே கேட்க ஆரம்பித்தேன்.

மூக்கு சலித்தால் ஊரைவிட்டுக் கொஞ்சநாள் போய்வந்தால் சரியாகிவிடும். காது அப்படி இல்லை. காதில் போனது போனதுதான்.

காணாது

கம்பெனி அச்சங்குளம் பக்கம், கருவேலங்காட்டுக்கு நடுவில். எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சரக்கு, பச்சைத்தாள் ஒட்டிச் சணல் சுற்றிய அணுகுண்டு. வேலி தாண்டி வெளியே ஒரு பொட்டல் உண்டு. சாயங்காலம் வேலை முடியும் நேரத்தில் அங்கே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சேரைப் போடுவார்கள். மாமா வந்து உட்காருவார். போர்மேன் முருகையா அன்றைய சரக்கில் ஒன்றை எடுத்துத் தள்ளி வைத்துத் திரியைக் கொளுத்துவார். வெடிக்கும். எல்லோரும் மாமாவின் வாயைப் பார்ப்போம்.

மாமா சொல்வதில் இரண்டே சொல். "காணும்" என்றால் போதும், லோடு ஏற்றலாம். "காணாது" என்றால் போதாது, முருகையா மருந்தைக் கூட்ட வேண்டும். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் சோதனை. தராசு கிடையாது, மிசின் கிடையாது. முதலாளியின் காதுதான் எங்கள் கம்பெனிக்கு முத்திரை. வெளியூர் ஏஜெண்டுகளிடம், "எங்க சரக்கு என் காதைத் தாண்டித்தான் வெளிய வரும்" என்று அவரே பெருமையாகச் சொல்லுவார்.

நான் சேர்ந்த பிறகு "காணும்" என்ற சொல்லைக் கேட்டது அபூர்வம். சீசனுக்குச் சீசன் "காணாது". முருகையா கூட்டினார். மறுபடி "காணாது". மறுபடி கூட்டினார். வெடித்தால் பொட்டலைத் தாண்டி ரோட்டில் போகிற பஸ்ஸின் கண்ணாடி அதிரும். கருவேலமரத்துக் கொக்குகள் குடிபெயர்ந்து வேறு ஊருக்கே போய்விட்டன. மாமா மட்டும் முகத்தைச் சுளித்து, "என்னலே இது, அப்பளம் நொறுக்குன மாதிரி இருக்கு" என்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து நிரப்புகிற அறைகளில் உட்கார்ந்திருப்பது பெண்கள். ஒவ்வொரு "காணாது"வும் அவர்கள் மடிக்குப் பக்கத்தில்தான் மருந்தாகச் சேர்ந்தது.

முருகையாவிடம் தனியாகக் கேட்டேன். "மொதலாளி காது மந்தமாயிருச்சுன்னு எனக்குத் தெரியாதா சின்ன மொதலாளி? யாரு போய்ச் சொல்றது? நீங்க மருமகப்பிள்ளை, நீங்க சொல்லுங்க" என்றார். மனைவியிடம் கேட்டேன். "அம்மா சொல்லட்டும்" என்றாள். அத்தையிடம் கேட்டேன். "நான் சொன்னா என்னைக்கு அந்த மனுசன் காதுல ஏறிருக்கு?" என்றார். சேதி அப்படியே சுற்றி என்னிடமே வந்து சேர்ந்தது.

வாசல் பக்கம் இருந்தவை

டுடோரியல் பழக்கம் விடவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சத்தம் என்பது காற்றின் நடுக்கம். அது செவிப்பறையைத் தட்டும். பறை மூன்று குட்டி எலும்புகளை ஆட்டும். எலும்புகள் உள்ளே நத்தைக்கூடு போல் சுருண்ட ஒரு குழாயில் இருக்கும் நீரை அசைக்கும். நீர் அசைந்தால் அதில் வரிசையாக நிற்கும் நுண்ணிய முடிகள் வளையும். முடி வளைந்தால் சின்னதாக ஒரு மின்சாரம் கிளம்பும். அது நரம்பு வழியாக மூளைக்குப் போனபிறகுதான் அது வெடியா, மணியா, மாமியார் குரலா என்று நமக்குத் தெரியும்.

அந்த முடிகள் முளைத்து வருகிறவை அல்ல. ஒருமுறை மடிந்தால் மடிந்ததுதான். அதிலும் கீச்சுக்குரலைப் பிடிக்கிறவை அந்தக் குழாயின் வாசல் பக்கம் நிற்கின்றன. பெரும்பாலும் முதலில் சாகிறவை அவைதாம். பஸ்ஸில் படிக்கட்டில் நிற்பவன்தான் முதலில் மிதிபடுவான், அது மாதிரி.

அதனால் மாமாவுக்குக் கட்டைக்குரல்கள் கேட்டன. பெண்கள் குரல், குழந்தைகள் குரல், குருவி, போன் மணி எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. காது குறைந்துவிட்டது என்று அவர் நினைக்கவில்லை. உலகத்தில் பெண்கள் வாய்க்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினார். "இந்த வீட்டுப் பொம்பளைக எல்லாம் எதுக்கு இப்படி முணுமுணுக்கீக? சாப்பாடு போடலையா நான்?" என்று சத்தம் போடுவார். அந்தச் சத்தம் வத்தல் கடைவரை கேட்கும்.

கேட்காத இடத்தை மூளை சும்மா விடாது. தனக்குப் பிடித்ததை வைத்து நிரப்பிக்கொள்ளும். யார் என்ன சொன்னாலும் மாமா தலையாட்டிவிட்டு, "ஆமா, இந்த சீசன் ஆர்டர் நல்லாத்தான் இருக்கு" என்பார். இழவு வீட்டில் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டார். செத்தவரின் மகனும் மரியாதைக்குத் தலையாட்டினான். முதலாளி ஆயிற்றே.

மூன்று காலில் நின்ற மிசின்

வெடிச்சத்தத்துக்கு அரசாங்கம் எல்லை வைத்த காலம் அது. ஒரு நாள் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். பொட்டலில் மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, அதன் தலையில் ஒரு மிசினைப் பொருத்தினார். முருகையா கொளுத்தினார். அதிகாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்து மிசினைப் பார்த்தார். முள் எல்லைக்கோட்டைத் தாண்டி அந்தக் கடைசியில் கிடந்தது.

"அடுத்த மாசம் திரும்ப வருவேன். அப்பவும் இப்படி இருந்தா லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும்" என்று மாமாவிடம் சொன்னார். கட்டைக்குரல் என்பதால் மாமாவுக்கு நன்றாகவே கேட்டது.

தீபாவளிக்கு ஆர்டர் எடுத்தாகிவிட்டது. லைசென்ஸ் நின்றால் அந்த வருடம் நாங்கள் மட்டுமல்ல, ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேனில் வருகிற அத்தனை குடும்பமும் வீட்டில் உட்கார வேண்டும். மருந்தைக் குறைத்தால் பிரச்சினை முடிந்தது. ஆனால் மாமா என்ன சொன்னார் தெரியுமா?

"மாப்ள, அவுக மிசினு கோளாறு. அப்பளம் நொறுங்குற சத்தத்துக்கு முள்ளு ஓடிப்போய்க் கடைசில நிக்குது."

"மாமா, ஒருவேளை..."

"என் காது தப்புச் சொல்லாது. வேணும்னா என் காதச் சோதிச்சுப் பாக்கட்டும்."

அவர் வாயில் வந்த வார்த்தையை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். மதுரையில் காதைச் சோதித்து சர்டிபிகேட் கொடுக்கிறார்கள், அதைக் காட்டினால் அதிகாரி வாயே திறக்க முடியாது என்றேன். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே புது வேட்டி கட்டி, பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டுக் காரில் ஏறினார். பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி சட்டைப்பையில் பேனாவும் வைத்திருந்தார்.

மறுபடியும் கண்ணாடி அறை

இப்போது புரிந்திருக்கும், பச்சை விளக்கு எரியக்கூடாது என்று நான் ஏன் வேண்டிக்கொண்டேன் என்று.

டாக்டரம்மா குமிழைத் தொட்டுவிட்டு, திருகாமல் கையை எடுத்தார். மாமா பட்டனை அமுக்கினார். மறுபடி சும்மா தொட்டார். மாமா மறுபடி அமுக்கினார். டாக்டரம்மா மெல்லத் திரும்பி என்னிடம் சொன்னார்: "நான் சத்தமே அனுப்பலை. ஐயா என் கையைப் பாத்து அமுக்குறாரு."

வியாபாரி! எதிரில் இருப்பவரின் கையையும் முகத்தையும் பார்த்தே இத்தனை காலம் பிழைத்தவர். காது போன இடத்தைக் கண் வந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது.

டாக்டரம்மா தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மாமாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். என் கையில் இன்னொரு ஹெட்போனைக் கொடுத்தார். ஒரு காதில் வைத்தேன். கீச்சென்று ஒரு சத்தம். அடுத்தது இன்னும் பெரிசு. அதற்கடுத்தது என் காதைக் கூசவைத்தது. ஹெட்போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

மாமா அசையவில்லை. பட்டன் மேல் கட்டைவிரலை வைத்தபடி, முதுகை நிமிர்த்தி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல அமைதியாக உட்கார்ந்திருந்தார். பச்சை விளக்கு எரியவே இல்லை.

சோதனை முடிந்து டாக்டரம்மா கதவைத் திறந்தார். மாமா ஹெட்போனைக் கழற்றாமல், சிரித்த முகமாகக் கேட்டார்:

"மிச்சத்த எப்பம்மா ஆரம்பிக்கப் போறீக?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாமா பார்த்தார். அவருக்கு முகம் படிக்கத் தெரியும் என்றுதான் சொன்னேனே. ஹெட்போனைத் தானே கழற்றி, மடித்து வைக்க முடியாத அதை மடித்து வைக்கப் பார்த்து, பிறகு நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். 

விசிறிக்கு விழுந்த திட்டு

காதில் மாட்டும் மிசினை நான் வாங்கி வந்தேன். மாமா தொடவில்லை. "இத மாட்டிக்கிட்டு வெளிய போனா ஊரு என்ன சொல்லும்?" என்றார்.

அத்தை சோற்றைப் போட்டுக்கொண்டே, கட்டைக்குரலை வரவழைத்துச் சொன்னார்: "ஊரு ரொம்ப நாளாவே சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் கேக்கல."

மாமா சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு வந்து, மிசினை எடுத்துக் காதில் மாட்டினார். உடனே நிமிர்ந்து பார்த்து, "யாருலே அது?" என்று அதட்டினார். மேலே சுற்றிய மின்விசிறி. பேப்பரைப் பிரித்தார், அதன் சரசரப்புக்குத் திடுக்கிட்டுக் கீழே போட்டார். அடுக்களையில் கடுகு வெடித்ததற்கு எட்டிப் பார்த்தார். அத்தை வழக்கம்போல முணுமுணுத்தபடி அந்தப் பக்கமாக வந்தவர், பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருடம் மாமாவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவந்ததை எல்லாம் இனி வேறு எங்கே போய்ச் சொல்வது என்ற கவலை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

திரி

மறுநாள் சாயங்காலம் பொட்டலில் சிவப்பு சேர். மாமா காதில் மிசினோடு உட்கார்ந்தார். முருகையா பார்த்தார், பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். பழைய கலவையில் செய்த அதே அணுகுண்டை வைத்துக் கொளுத்தினார்.

மாமா விரலைத் தூக்கினார். "என்னலே அது, ஸ்ஸ்ஸ்னு?"

"திரி மொதலாளி."

"திரி சத்தம் போடுமா?"

வெடித்தது. மாமா சேரோடு பின்னால் சாய்ந்து, எழுந்து, இரண்டு அடி ஓடி, காதைப் பொத்திக்கொண்டு நின்றார். திடுக்கிடுவதற்கு உடம்பு மேலிடத்தில் உத்தரவு கேட்பதில்லை. மூளையின் மேல்மாடிக்குச் சேதி போகுமுன் கீழ்த்தளமே உடம்பைத் தூக்கிப் போட்டுவிடும். முதலாளி என்று பார்க்காது. எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு கீழ்த்தளம் இல்லாமல் போனதுதான் கோளாறு. அத்தனை சேதியும் தலைக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும் என்று எல்லோரும் கைகட்டி நின்றோம்.

மாமா மிசினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எம்புட்டு நாளா இப்படி இருக்கு?"

எல்லோரும் முருகையாவைத் திரும்பிப் பார்த்தோம். முருகையாதான் மெதுவாக, "நீங்க காணாதுன்னு சொன்னீக மொதலாளி" என்றார். மாமா அவரை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்து அறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொறை" என்றார்.

அதற்குப் பிறகு தினமும் குறைத்தார்கள். அதிகாரி வந்த அன்று முள் கோட்டுக்கு உள்ளேயே நின்றது, லைசென்ஸ் பிழைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின சாயங்காலம்.

மாமா காதில் மிசினோடு உட்கார்ந்திருக்க, கடைசியாகக் குறைத்த கலவையை வெடித்துப் பார்த்தோம். மாமா "காணும்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வேன் ஏறக் காத்திருந்த பெண்கள் பக்கம் திரும்பினார். வெடிக்கும் நேரத்தில் அவர்கள் எப்போதும் காதில் விரலை விட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். அதைத் தினமும் பார்த்திருக்கிறார். இன்றைக்குத்தான் அது அவர் கண்ணிலிருந்து மூளைக்குப் போனது போலிருக்கிறது.

"காதுல இருந்து கைய எடுங்கம்மா. முருகையா, இன்னொண்ணு."

கொளுத்தினார். வெடித்தது. யாரும் குதிக்கவில்லை. முன்னால் நின்ற மாரியம்மாளின் இடுப்பில் இருந்த பேத்திகூட அழவில்லை.

"எம்மா, காணுமா?" என்று மாமா கேட்டார். அந்தக் கேள்வியை அவர் இன்னொருவரிடம் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாரியம்மாள் திகைத்துப்போய் எங்களைப் பார்த்தாள். பிறகு, முதலாளியிடம் பேசுவதற்கென்றே எல்லோரும் பழகி வைத்திருந்த அந்தப் பெரிய குரலை எடுத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

"காணும் மொதலாளீ!"

மாமா வெடிக்குக்கூட அப்படித் துள்ளவில்லை. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுருக்கி, மற்றொரு கையை உயர்த்தினார்.

"மெதுவாச் சொல்லும்மா" என்றார். "கேக்குது."